சி-டெட் தாள் 1: வாசிப்பு கற்பித்தல் கேள்விகளில் மட்டும் மார்க் போகிறது, எப்படிப் படிப்பது?

தக்கலை_மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். சி-டெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளுக்கும் டி.என்.டெட் (தமிழ்நாடு ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். மொழி 1 தமிழ். கணக்கும் சூழ்நிலையியலும் பரவாயில்லை. மொழிப் பகுதியில் குழந்தை வாசிக்கக் கற்கும் விதத்தை ஒட்டி வரும் கேள்விகள்தான் கவிழ்க்கின்றன. மாதிரித் தாள்களில் 15-க்கு 6, 7 தாண்டவில்லை.

சந்தேகங்கள் மூன்று. ஒலியன் விழிப்புணர்வு, ஒலியனியல் விழிப்புணர்வு, ஃபோனிக்ஸ் மூன்றையும் எங்கே பிரிப்பது? கைடுகளில் எல்லா உதாரணமும் ‘கேட், பேட், மேட்’ என்றே இருக்கிறது. தமிழுக்கு அதை எப்படிப் பொருத்துவது? மூன்றாவது, எழுத்து முறையா முழுமொழி முறையா என்று வரும் கேள்வியில் ஒரு தாளில் ஒன்று சரி, இன்னொரு தாளில் மற்றது சரி. எதை நம்ப?

கையில் எட்டு வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரை:

முதல் சந்தேகத்திலேயே பாதி மார்க் அடங்கியிருக்கிறது, டீச்சர். அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய வட்டம் ஒலியனியல் விழிப்புணர்வு. பேச்சு ஒலியைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கையாளும் திறன் முழுவதும் அதில் வரும்: வாக்கியத்தைச் சொல்லாக, சொல்லை அசையாக, அசையைத் தனி ஒலியாகப் பிரிப்பது, சேர்ப்பது, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் சொல்வது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய, மிகக் கடினமான வட்டம் ஒலியன் விழிப்புணர்வு. ‘கல்’ என்பதில் க், அ, ல் என மூன்று ஒலி இருப்பதைக் காதால் உணர்வது அது. இந்த இரண்டிலும் எழுத்துக்கு வேலையே இல்லை. கார்டு, சிலேட்டு, கரும்பலகை எதுவும் இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே குழந்தையோடு செய்ய முடிகிற பயிற்சியா? அப்படியானால் அது விழிப்புணர்வு. எழுத்து கண்ணில் பட்டால்தான் செய்ய முடியும் என்றால் அது ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கற்பிப்பது. கேள்வியில் ‘எழுத்தட்டை’, ‘எழுதிக் காட்டி’, ‘எழுத்தைப் பார்த்து’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் விழிப்புணர்வு என்ற விடையை அடித்துவிடலாம்.

அடுத்த பள்ளம், தமிழ் படித்தவர்கள் மட்டும் விழுகிற பள்ளம்: ‘அசை’ என்ற சொல். கற்பித்தல் புத்தகங்களில் அசை என்றால் சிலபிள், அதாவது ஓர் உயிரொலியைச் சுற்றி ஒரே துண்டாக ஒலிப்பது. யாப்பில் அசை என்றால் நேர், நிரை. இரண்டும் ஒன்றல்ல. ‘கடல்’ யாப்பில் ஒரே ஒரு நிரையசை. சிலபிள் கணக்கில் க-டல் என இரண்டு. யாப்பில் கைதேர்ந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைத் தப்பாகப் போடுவார்கள்!

ஒரே சொல்லை நான்கு விதமாக எண்ணிப் பழகுங்கள். எழுத்து எத்தனை, ஒலியன் எத்தனை, சிலபிள் எத்தனை, யாப்பசை எத்தனை.

கடல்: எழுத்து 3, ஒலியன் 5 (க், அ, ட், அ, ல்), சிலபிள் 2, யாப்பசை 1.
தாமரை: எழுத்து 3, ஒலியன் 6 (த், ஆ, ம், அ, ர், ஐ), சிலபிள் 3, யாப்பசை 2 (தா / மரை).
பாட்டு: எழுத்து 3, ஒலியன் 5 (ப், ஆ, ட், ட், உ), சிலபிள் 2, யாப்பசை 2.

மூன்றுக்கும் எழுத்து மூன்றே. மற்ற எண்கள் எப்படி ஓடுகின்றன பாருங்கள். நாளுக்கு 20 சொல், பத்து நாள். அதற்குப் பிறகு இந்த வகைக் கேள்விக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகாது.

‘ரைம்’ என்பதற்கு எதுகை என்று போட்டிருக்கும் கைடுகளையும் நம்பாதீர்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. ‘கண்ணன், மண்ணில்’ எதுகைதான், ஆனால் ஆங்கிலக் கணக்கில் ரைம் கிடையாது. இறுதி ஒலி ஒத்து வருவதற்கு நம்மிடம் இருக்கிற சொல் இயைபு. முதல் ஒலி ஒத்து வருவது மோனை. விடைத் தெரிவுகளில் மூன்றும் கிடந்தால் ரைமுக்கு இயைபைத் தொடுங்கள்.

குழித்துறை_பாலம்:

மாத்திரை சொன்னதோடு ஒட்டி, ‘கேட், பேட்’ சங்கதிக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் சொல்லின் தலை ஒலியைத் தனியாகவும் மிச்சத்தைத் தனியாகவும் பிரிப்பார்கள்: க் + ஏட். நம் பிள்ளையிடம் ‘கல்’ என்பதைப் பிரிக்கச் சொன்னால் க் + அல் என்று பிரிக்காது. க + ல் என்றுதான் சொல்லும். எழுத்தே அப்படி அமைந்திருக்கிறது: மெய்யும் உயிரும் ஒட்டி ஒரே வடிவமாக. அதனால் அந்தப் பயிற்சியை அப்படியே தமிழில் இறக்குமதி செய்தால் பிள்ளை திணறும். அது பிள்ளையின் குறை இல்லை.

247 எழுத்து என்று கேள்வியில் வந்தால் பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். கண்ணுக்குப் புதிதாக எத்தனை வடிவம் என்று எண்ணுங்கள். உயிர் 12, மெய்யின் வடிவம் 18, ஆய்தம் 1, புள்ளி 1. குறியீடுகளில் ா ி ீ ு ூ ெ ே ை என எட்டு. ஒ, ஓ, ஔ வரிசைகளுக்குப் புதிய வடிவம் கிடையாது. ஏற்கெனவே தெரிந்த துணுக்குகளை இரண்டு பக்கமும் வைப்பதுதான். ஆக மொத்தம் 40. மீதி எல்லாம் சேர்மானம்.

ஒழுங்கு தவறுவது உகர, ஊகார வரிசையில்தான். உகரத்தை வடிவம் பார்த்து நாலு கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். கீழே நேர்கோடு இறங்குபவை: பு, யு, வு, சு, ஙு. கீழே போய் மேலே சுழித்து வருபவை: து, நு, னு, ணு, லு, று, ஞு. வளைந்து கட்டுபவை: டு, மு, ரு, ழு, ளு. கு மட்டும் தனிக்கட்டை. பிள்ளைகளுக்கு அகர வரிசைப்படி இதைச் சொல்லிக்கொடுத்தால் பதினெட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யும். கூட்டமாகக் கொடுத்தால் நாலு பாடத்தில் முடியும்.

இரண்டாவது இடறல் ெ, ே, ை. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. பார்க்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் எதிரெதிர். ‘கெ’யைப் பார்த்துப் பிள்ளை ‘எக’ என்று இழுத்தால் அது கவனக்குறைவு இல்லை, இந்த வரிசை மாற்றம் இன்னும் பிடிபடவில்லை. தீர்வு, கொம்பையும் மெய்யையும் ஒரே அட்டையில் சேர்த்துக் காட்டுவது. தனித்தனி அட்டையாக வைத்துச் சேர்க்கச் சொல்வது பிந்தைய படி. பிழையைக் காட்டி ‘காரணம் யாது’ என்று கேட்டால் இந்த மாதிரிக் காரணத்தைத் தேடுங்கள். ‘குழந்தைக்கு ஆர்வமில்லை’, ‘பெற்றோர் கவனிப்பதில்லை’ வகை விடைகள் நிரப்புவதற்காக வைக்கப்பட்டவை.

மூன்றாவது, ஒரு எழுத்துக்குப் பல ஒலி. ‘கடல், பக்கம், தங்கம், மகன்’ நாலிலும் க ஒன்றுதான், வாயில் நாலும் ஒன்றாக வராது. விதி சின்னது: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மூக்கொலிக்குப் பின் மெல்லொலி, இரண்டு உயிருக்கு நடுவே தளர்ந்த ஒலி. கேரள எல்லையை ஒட்டிய பளுகல், களியக்காவிளைப் பக்கம் மலையாள எழுத்தும் தெரிந்து வரும் பிள்ளைக்கு இது குழப்பும், ஏனென்றால் அங்கே க-வுக்கு மட்டும் நாலு எழுத்து. ஆனால் அதே பிள்ளைக்கு ெ, ே கொம்பு குழப்பாது. மலையாளத்திலும் கொம்பு முன்னால்தான் நிற்கிறது. ஒரு மொழியில் கற்றது இன்னொன்றுக்குக் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் கம்மின்ஸ் 1979-இல் சொன்னதற்கு இதைவிடக் கையருகில் உதாரணம் கிடைக்காது. சி-டெட்டில் பன்மொழி வகுப்பறை என்று வந்தால் வீட்டு மொழியை வளமாகப் பார்க்கும் விடையே சரி. தடையாகப் பார்ப்பது, வகுப்பில் தடுப்பது என்பதெல்லாம் தவறு.

தக்கலை_மல்லிகை:

மாத்திரை சார், குழித்துறை சார், ரொம்ப நன்றி. அசை விஷயம் இப்போதுதான் வெளிச்சமானது, அதில் நானும் யாப்புக் கணக்கே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கூடுதல் கேள்வி: முதலில் க் என்ற மெய்யைச் சொல்லிக்கொடுத்து க் + அ = க என்று போவதா, க-விலேயே தொடங்குவதா? ‘ஃபோனிக்ஸ் முறைப்படி’ என்று கேட்டால்?

பனங்கிழங்கு:

டீச்சரே, இதுல குழித்துறை அண்ணனும் மாத்திரை சாரும் ஒத்துப்போக மாட்டாங்க, அதனால நான் முந்திக்கிறேன்.

க-வுல இருந்தே தொடங்கணும். இந்திய எழுத்து முறைகள்ல பிள்ளைக்கு முதல்ல பிடிபடுற அலகு முழு எழுத்து, அதாவது அட்சரம். அதை உடைச்சு க், அ-ன்னு தனி ஒலியா உணருற திறன் மெதுவாத்தான் வரும். கன்னடப் பிள்ளைகளை வச்சு சோனாலி நாக் 2007-ல வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்லுது: எழுத்துத் தொகுதி முழுசும் கைவர ஆங்கிலப் பிள்ளைகளைவிட நிறைய வருஷம் ஆகுது, ஒலியன் உணர்வும் நிதானமாத்தான் வளருது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை க்-ஐத் தனியா சொல்லலைன்னு ‘பின்தங்கியது’ன்னு முத்திரை குத்தக் கூடாது.

சொல்லிக்கொடுக்கிற வரிசையும் அ, ஆ, இ, ஈ-ன்னு நேரா ஓடணும்னு இல்லை. ப, ட, ம, க, ல அஞ்சு. கூட ஒரு புள்ளி, ஒரு கால், ஒரு மேல்விலங்கு (ி). இந்த எட்டை வச்சே படம், மடம், கடல், பாடம், பால், கால், படி, மடி, பட்டம், பாட்டி, கட்டில், மாடம்னு ஒரு பக்கம் நிறைய வாசிக்கலாம். நாலு நாள்ல ‘நான் வாசிச்சேன்’னு பிள்ளை சொல்லும். ஙப்போல்வளை வரைக்கும் மனப்பாடம் பண்ணிட்டுதான் முதல் சொல்லுன்னா அதுக்குள்ள ஓணம் பரீட்சை வந்துரும்.

பரீட்சைக்கு: ‘ஃபோனிக்ஸ்’னு கேட்டா எழுத்து–ஒலி உறவை வரிசைப்படி, வெளிப்படையா கற்பிக்கிறது. அதுல ரெண்டு கிளை. தனி ஒலியிலிருந்து சேர்த்துக்கிட்டே சொல்லுக்குப் போறது ஒண்ணு, தெரிஞ்ச சொல்லுல இருந்து பிரிச்சு ஒலிக்கு வர்றது இன்னொண்ணு. நம்ம ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்துல இருக்கிற எழுத்து முறை, சொல் முறை, சொற்றொடர் முறைன்னு மூணை இதோட அப்படியே ஒட்டவைக்காதீங்க. சொல் முறைன்னா சொல்லை முழுசா காட்டுறது. அதுக்குப் பிறகு எழுத்தைப் பிரிச்சுக் காட்டினாத்தான் அது ஃபோனிக்ஸ் பக்கம் வரும்.

மாத்திரை:

பனங்கிழங்கு, ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. க-வில் தொடங்குவது சரி. ஆனால் புள்ளியை முதல் வாரத்திலேயே காட்டிவிட வேண்டும். க, க் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் க-வுக்குள் அ ஒளிந்திருப்பது பிள்ளைக்குத் தெரியும். நீங்கள் கொடுத்த எட்டிலும் புள்ளி இருக்கிறது, ஆக நாம் சண்டை போடுவது வீண்.

மல்லிகை டீச்சருடைய மூன்றாவது சந்தேகத்தை யாரும் தொடவில்லை. எழுத்து முறையா முழுமொழியா என்பதில் விடை மாறுவதற்குக் காரணம் கேள்வி மாறுவது. இரண்டு ஓட்டங்கள் இந்தப் பாடத்திட்டத்துக்குள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, முழுமொழிப் பக்கம்: கல்வி ஆய்வாளர் கென்னத் குட்மன் 1967-இல் வாசிப்பை ‘உளமொழியியல் ஊக விளையாட்டு’ என்றது. வாசிப்பவர் எல்லா எழுத்தையும் பார்ப்பதில்லை, பொருளை ஊகித்துப் போகிறார், பிழை என்பது சிந்தனையைக் காட்டும் ஜன்னல் என்ற பார்வை. 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் மனப்போக்கு இதற்குப் பக்கம். சி-டெட் விடைக்குறிப்புகளில் இந்த வாடை இன்னும் பலமாக அடிக்கும்.

மற்றொன்று, ஆய்வு முடிவுகளின் பக்கம். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வைத்த ‘வாசிப்பின் எளிய நோக்கு’ (அதன் சூத்திரத்தைக் கீழே சொல்கிறேன்). அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் கொடுத்த ஐந்து தூண்கள்: ஒலியன் விழிப்புணர்வு, ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், புரிதல். தொடக்க வாசிப்பில் எழுத்து–ஒலி உறவை முறையாகக் கற்பிப்பது, ஊகிக்க விடுவதைவிடப் பலன் தருகிறது என்பது இந்தப் பக்கத்தின் முடிவு. 2022-இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டச் சட்டகம் இரண்டையும் சேர்த்து, வாய்மொழி, சொல்லறிதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு கட்டமாக வைத்திருக்கிறது. விடைத் தெரிவுகளில் ‘சமநிலை அணுகுமுறை’ இருந்து, கேள்வி பொதுவாக இருந்தால் அதுதான் பாதுகாப்பு.

ஓர் உதாரணம். ‘யானை குளத்தில் குளித்தது’ என்பதைப் பிள்ளை ‘யானை ஆற்றில் குளித்தது’ என்று வாசிக்கிறது. ‘இப்பிழை எதைக் காட்டுகிறது?’ என்று கேட்டால் பொருளை நோக்கி வாசிக்கிறது என்ற விடை. ‘ஆசிரியர் அடுத்துச் செய்ய வேண்டியது?’ என்று கேட்டால் அந்தச் சொல்லுக்குத் திரும்பி எழுத்தெழுத்தாகப் பார்க்க வைப்பது. பிழை ஒன்றே, கேட்பது வேறு. கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டு மேலே போனால் இந்த வகையில் மார்க் தப்பாது.

கஃப்–டன்மர் சூத்திரத்தில் பெருக்கல் குறிதான் கேள்வி. வாசித்துப் புரிதல் = எழுத்தை ஒலியாக்கும் திறன் × மொழிப் புரிதல். ஒலியாக்கல் 0.9, புரிதல் 0.3 உள்ள பிள்ளைக்கும், ஒலியாக்கல் 0.3, புரிதல் 0.9 உள்ள பிள்ளைக்கும் விளைவு 0.27. மார்க் ஒன்று, மருந்து வேறு. முதல் பிள்ளைக்கு இன்னும் எழுத்தட்டை கொடுப்பது வீண். அதற்குச் சொல்வளமும் உலக அறிவும் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குக் கதை எவ்வளவு சொன்னாலும் எழுத்துப் பயிற்சி இல்லாமல் நகராது. ஏதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கூட்டலாக இருந்தால் அப்படி ஆகாது.

நம்மூர் ஆங்கில வழிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்க ஆங்கிலத்தை மளமளவென்று வாசித்துவிட்டு ஒரு வரிக்கும் பொருள் சொல்லாது. அது முதல் வகை. கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் என்று பெருமையாகச் சொல்வோம். அந்தக் கணக்கெடுப்பின் வரையறையே, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதாவதொரு மொழியில் ‘புரிதலோடு’ எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் என்பதுதான். பெருக்கல் குறி அங்கேயும் இருக்கிறது.

குழித்துறை_பாலம்:

புரிதல் பக்கத்துக்கு ஒரு சொல். பாடப்புத்தகத்தில் ‘மரவள்ளிக்கிழங்கு’, ‘பலாப்பழம்’, ‘முந்திரி’ என்று வரும். பிள்ளைக்குத் தெரிந்தது மரச்சீனி, சக்கை, கொல்லாங்கொட்டை. எழுத்துக்கூட்டி ‘ம-ர-வள்-ளி’ என்று சரியாக வாசித்துவிட்டு விழிக்கும். பொருள் தெரியாததால் இல்லை, பெயர் தெரியாததால். ஆசிரியர் ‘நம்ம மரச்சீனிதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இதற்குச் சி-டெட் பாஷையில் பெயர் ‘முன்னறிவைத் தூண்டுதல்’.

வாசிப்பைப் பல இழை சேர்ந்த கயிறாகக் காட்டி ஆய்வாளர் ஸ்கார்பரோ 2001-இல் வரைந்த படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லறிதல் பக்கம் மூன்று இழை: ஒலியனியல் விழிப்புணர்வு, எழுத்தை ஒலியாக்கல், பார்த்தவுடன் அறிதல். மொழிப் புரிதல் பக்கம் ஐந்து இழை: பின்னணி அறிவு, சொல்வளம், மொழி அமைப்பு, வாய்மொழித் தர்க்கம், எழுத்து உலகம் பற்றிய அறிவு. தும்பு (தேங்காய் நார்) முறுக்கிக் கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எத்தனை இழை, எது எந்தப் பக்கம் என்று மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ‘சொல்வளம்’ சொல்லறிதல் பக்கம் என்று குழப்புவார்கள். அது மொழிப் புரிதல் பக்கம்.

சுசீந்திரம்_ரதவீதி:

நான் பணியில் இருக்கும் ஆசிரியர். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களும் டெட் எழுத வேண்டியிருப்பதால் இந்த இழை உதவியாக இருக்கிறது. சரளம் பற்றிய கணக்குக் கேள்வி வருமா? நிமிடத்துக்கு இத்தனை சொல் என்பதில் எதை எண்ணுவது, எதை விடுவது?

பனங்கிழங்கு:

வணக்கம் சார். கணக்கு இப்படி: வாசிச்ச மொத்தச் சொல்லுல பிழையைக் கழிச்சு, அதை 60-ஆல பெருக்கி, ஆன வினாடியால வகுக்கணும். 100 சொல் பத்தி, 125 வினாடி, பிழை 8-ன்னா 92 × 60 ÷ 125 = 44.16. மத்திய அரசோட அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் வச்ச இலக்கு இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்புக்கு குறைஞ்சது 60. அப்போ இந்தப் பிள்ளை ரெண்டாங்கிளாஸ்னா வாசலுக்கு ஒரு அடி வெளியே நிக்குது. துல்லியம் வேற கணக்கு: 92 சதவீதம். பொதுவா 95-க்கு மேல தானே வாசிக்கும் நிலை, 90 முதல் 94 ஆசிரியர் துணையோட வாசிக்கும் நிலை, 90-க்குக் கீழ போனா பத்தி அந்தப் பிள்ளைக்குக் கடினம்.

பிழையா எண்ண வேண்டியது: வேற சொல் வாசிக்கிறது, விட்டுட்டுப் போறது, மூணு வினாடி திணறி நாம சொல்லிக்கொடுக்கிறது. எண்ணக் கூடாதது: தானே திருத்திக்கிறது, திரும்ப வாசிக்கிறது, பேச்சு வழக்குல உச்சரிக்கிறது. ‘போகிறேன்’னு இருக்கிறதைப் பிள்ளை ‘போறேன்’னு வாசிச்சா அது பிழை இல்லை சார். எழுத்தைப் பார்த்து, பொருள் பிடிச்சு, தன் வாய்மொழியில மாத்திச் சொல்லியிருக்கு. இதைப் பிழைன்னு போட்டா நம்ம மாவட்டத்துல ஒரு பிள்ளையும் தேறாது.

இன்னொண்ணு. ஆங்கிலத்துக்குப் போட்ட நிமிடக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே வைக்கிறது சரியில்லை. ‘பாடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ நம்ம கணக்குல ஒரு சொல். ஆங்கிலத்துல இது நாலஞ்சு சொல். ரெண்டு மொழியிலயும் ஒரே பிள்ளையோட வேகத்தை ஒப்பிட்டுக் கேட்டா, ‘சொல்லின் நீளமும் அமைப்பும் வேறு’ங்கிற விடையைப் பாருங்க.

மாத்திரை:

டிஸ்லெக்சியாவை, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாட்டை, விட்டுவிட்டோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா அதற்குள் வரும். இது அறிவுக்குறைவு இல்லை, பார்வைக் கோளாறும் இல்லை. எழுத்து தலைகீழாகத் தெரிவதே முதன்மை அறிகுறி என்ற விடை தவறு. அடிப்படை பெரும்பாலும் ஒலிகளைக் கையாள்வதில் இருக்கும் சிரமம். தமிழ் போல எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழியில் தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிப்பதும் எழுத்துப் பிழையும்தான் கூடுதல் அடையாளம். ஆனால் ல, ள, ழ மாறி எழுதும் எல்லாப் பிள்ளையையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது பேச்சில் வேறுபாடு மங்கியதால் வருவது.

‘பார்வைச் சொல்’ என்பதிலும் கவனம். படம் மாதிரி உருவத்தை மனப்பாடம் செய்த சொல் என்று அர்த்தமில்லை. எழுத்தும் ஒலியும் பொருளும் ஒட்டி, பார்த்தவுடன் தானாக வரும் சொல். வாசிப்பு வளர்ச்சி பற்றி ஆய்வாளர் லினியா எரி சொன்ன கட்டங்களில் இது கடைசி விளைவு. ஆவின் பாக்கெட்டை நிறம் பார்த்துச் சொல்லும் பிள்ளை இன்னும் வாசிக்கவில்லை, அது எழுத்துக்கு முந்தைய கட்டம். முதல் எழுத்தை மட்டும் பிடித்து ஊகிப்பது பகுதிக் கட்டம். எல்லா எழுத்தையும் ஒலியாக்குவது முழுக் கட்டம். ‘-கிறார்கள்’ என்பதை ஒரே துண்டாகப் பார்ப்பது ஒருங்கிணைந்த கட்டம்.

குழித்துறை_பாலம்:

எட்டு வாரத்துக்கு ஒரு கணக்கு, மல்லிகை டீச்சருக்கு. நாளுக்கு இந்தப் பகுதிக்கு மட்டும் 50 நிமிடம் போதும், கூட்ட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் சொற்கள். ஒரு அட்டைக்கு ஒரு சொல், சுமார் 60 அட்டை. முன்பக்கம் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும். பின்பக்கம் ஒரு வரி விளக்கம், ஒரு தமிழ் உதாரணம். ஆங்கிலச் சொல் ஏன் என்றால், சி-டெட்டில் குழந்தை மேம்பாட்டுப் பகுதி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதே கருத்து மொழி 1-இல் தமிழில் வரும். மொழிபெயர்ப்பும் ஒரே மாதிரி இருக்காது. உதாரணம் எழுதாத அட்டை பயனில்லை, விளக்கம் மட்டும் இருந்தால் தெரிவுகளைப் பார்த்ததும் மறந்துவிடும்.

மூன்றாம் வாரம் மாத்திரை சொன்ன எண்ணும் பயிற்சி. நான்கு, ஐந்தாம் வாரம் பிழை ஆராய்ச்சி. ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரை, பெற்றோர் சம்மதத்தோடு, அந்தந்த வகுப்புப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதியில் பிழையைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எழுத்தா, ஒலியா, பொருளா, வழக்கா’ என்று எழுதுங்கள். முப்பது பிழையை இப்படிப் பிரித்தவருக்குச் சூழல் கேள்விகள் புதிதாகத் தெரியாது. கைடு ஐந்து வாசிப்பதைவிட இது மேல்.

ஆறு, ஏழாம் வாரம் பழைய தாள்கள், குறைந்தது ஐந்து. தவறிய கேள்வியை மூன்று பட்டியலில் போடுங்கள்: சொல் தெரியவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, இரண்டு விடைக்கு நடுவே திணறினேன். மூன்றாவது பட்டியல்தான் நீளும். அதற்கு மாத்திரை சொன்ன இரண்டு ஓட்டங்களை மறுபடி பாருங்கள். எட்டாம் வாரம் புதிதாக எதுவும் வேண்டாம்.

டி.என்.டெட்டுக்குத் தனியாக: அங்கே மொழி 1-இல் பாடநூல் உள்ளடக்கம்தான் கூடுதல் இடம் பிடிக்கும், கற்பித்தல் பகுதியை நம்பி இலக்கணத்தை விட்டுவிடாதீர்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளையும் தெரிந்து வையுங்கள். 2022-இல் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு. நேரமும் வேறு: சி-டெட் 150 கேள்விக்கு இரண்டரை மணி நேரம், டி.என்.டெட் 150 கேள்விக்கு மூன்று மணி நேரம். இரண்டிலும் தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள். சி-டெட் மொழிப் பகுதியில் 15 பத்திக் கேள்வி, 15 கற்பித்தல் கேள்வி. கற்பித்தலை முதலில் முடித்துவிட்டுப் பத்திக்குப் போங்கள். பத்தியில் மூழ்கினால் நேரம் போவதே தெரியாது.

தக்கலை_மல்லிகை:

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அட்டைக்கு உதாரணம் எழுதும்போது ‘ஒலி நீக்கல்’ என்பதற்கு மட்டும் தமிழில் நல்லது கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’பில் முதல் ஒலியை எடுத்தால் ‘டாப்’ என்கிறார்கள். நமக்குச் சொல்லின் முதலில் கூட்டு மெய் கிடையாதே.

பனங்கிழங்கு:

கிடையாதுதான். சிலபிள் அளவுல எடுங்க டீச்சர். ‘சக்கரம்’ல ‘சக்’கை எடுத்தா ‘கரம்’. ‘தாமரை’ல ‘தா’வை எடுத்தா ‘மரை’. ஒலியன் அளவுல வேணும்னா கடைசி மெய்யை எடுக்கலாம்: ‘பால்’ல ல்-ஐ எடுத்தா ‘பா’, ‘பூண்’ல ண்-ஐ எடுத்தா ‘பூ’. முதல் மெய்யை எடுக்கணும்னா ‘மணி’ல ம்-ஐ எடுத்தா ‘அணி’, ‘கடை’ல க்-ஐ எடுத்தா ‘அடை’. இது பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா க-வை உடைச்சாத்தான் உள்ளே இருக்கிற அ வெளியே வரும். அட்டையில மூணையும் எழுதி, எளிது, நடுத்தரம், கடினம்னு பக்கத்துல போட்டுக்கோங்க. அந்த வரிசையையே ஒரு கேள்வியாக் கேப்பாங்க.